பதிவிறக்கிய காணொளிகளை வீட்டுத் தொலைக்காட்சியில் காணுதல்

இணையத்திலிருந்து கணினியிலோ திறன்பேசியிலோ இறக்கிச் சேமித்த திரைப்படம், பாடம், நிகழ்ச்சி போன்றவற்றை வீட்டுக் கூடத்தில் உள்ள தொலைக்காட்சிப் பெட்டியில் ஓட்டிப் பார்ப்பது இன்று பரவலான வழக்கமாகும். ஒளிபரப்பில் நேரத்தை நிலையம் முடிவு செய்கிறது. பதிவிறக்கிய கோப்பில் நேரத்தைப் பார்ப்பவர் முடிவு செய்கிறார். திறன்பேசியில் ஒருவர் தனியாகப் பார்க்கிறார். கூடத்துத் தொலைக்காட்சியில் வீட்டார் அனைவரும் சேர்ந்து பார்க்கின்றனர். விரும்பிய நேரத்தில், குடும்பத்தோடு, பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்ற இந்த விருப்பம் கடந்த நாற்பது ஆண்டுகளில் பல கருவிகளின் வருகைக்குக் காரணமாக இருந்துள்ளது.

கையில் உள்ள கோப்பு ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவிக்குத் தடையின்றிச் செல்லும்போது இத்தேவை எளிதில் நிறைவேறுகிறது. கோப்பு ஒரே கருவிக்குள் பூட்டப்படும்போது இணையம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் நிறைவேறுவதில்லை. இக்கட்டுரை அத்தேவையின் வரலாற்றையும், செயல்படும் முறையையும், தமிழ்நாட்டில், குறிப்பாகச் சென்னையின் தென்புறநகரில், அது எடுத்த வடிவத்தையும் விளக்குகிறது.

பதிவிறக்கத்துக்கு முந்தைய காலம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு 1982-ல் வந்தது. அக்காலத்தில் நிலையம் ஒளிபரப்புவதை மட்டுமே வீட்டில் பார்க்க முடிந்தது. 1980-களில் ஒளிநாடாக் கருவி பரவியதும் இந்நிலை மாறியது. தமிழ்நாட்டில் மக்கள் இதை ‘டெக்’ என்றே அழைத்தனர். சொந்தமாக வாங்க இயலாதவர்கள் பொங்கல், தீபாவளி, திருமணம் போன்ற நாள்களில் டெக், வண்ணத் தொலைக்காட்சி, மூன்று நான்கு படங்களின் நாடாக்கள் ஆகியவற்றை ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தனர். தெருவே கூடி விடிய விடியப் பார்ப்பது வழக்கம். ‘நமக்கு வேண்டிய படம், நமக்கு வேண்டிய நேரத்தில், நம் வீட்டுத் திரையில்’ என்ற தேவை அப்போதே தெளிவாகத் தெரிந்தது.

1993-ல் செந்தரமாக்கப்பட்ட விசிடி என்னும் காணொளிக் குறுவட்டு அடுத்த படியாகும். ஒரு வட்டில் ஏறத்தாழ 74 நிமிடப் படம் அடங்கும். தமிழ்த் திரைப்படம் பொதுவாக இரண்டரை மணி நேரம் ஓடுவதால் ஒரு படத்துக்கு 2 அல்லது 3 வட்டுகள் தேவைப்பட்டன. வட்டு மாற்றும் நேரமே வீட்டில் இடைவேளையாக அமைந்தது. 1996-ல் ஜப்பானில் அறிமுகமான டிவிடி 4.7 ஜிபி கொள்ளளவு கொண்டது; முழுப் படமும் ஒரே வட்டில் அடங்கியது. 2007-ல் மோசர் பேர் நிறுவனம் திரைப்பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. அதுவரை நூறு ரூபாய்க்கு மேல் விற்ற அசல் வட்டு, திருட்டு வட்டின் விலைக்கு அருகில் வந்தது. மக்கள் திருட்டு வட்டை நாடியதற்கு விலையும் ஒரு காரணம் என்பதை இந்த முயற்சி வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது.

கோப்பு தொலைக்காட்சியை அடைந்த விதம்

இணையத்தில் காணொளி பரவத் தொடங்கியபோது அது கணினித் திரையிலேயே தங்கிவிட்டது. வட்டு இயக்கிக்கு விசிடி, டிவிடி ஆகிய இரு வடிவங்கள் மட்டுமே புரிந்தன. 1999 அளவில் தோன்றிய டிவ்எக்ஸ் என்னும் சுருக்கமுறை, இரண்டு மணி நேரப் படத்தை 700 எம்பி கொண்ட ஒரே குறுவட்டில் அடக்கியது. இதை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். 700 மெகாபைட் என்பது 5,600 மெகாபிட். இரண்டு மணி நேரம் என்பது 7,200 நொடி. வகுத்தால் நொடிக்கு 0.78 மெகாபிட் வருகிறது. அதே நேரத்துக்கு டிவிடி நொடிக்கு ஏறத்தாழ 5.2 மெகாபிட் எடுத்துக்கொள்ளும். அதாவது கோப்பின் அளவு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகச் சுருங்கியது. மெதுவான இணைப்பிலும் படம் இறக்குவது இதனால் சாத்தியமானது.

அந்தக் கோப்பைத் தொலைக்காட்சியில் பார்க்க முதலில் இரண்டு வழிகளே இருந்தன. ஒன்று, கணினியைத் தொலைக்காட்சிக்கு அருகில் கொண்டுவந்து கம்பியால் இணைப்பது. மற்றது, கோப்பை மீண்டும் விசிடி அல்லது டிவிடி வடிவுக்கு மாற்றி வெற்று வட்டில் எழுதுவது. இம்மாற்றத்துக்கு அன்றைய கணினிகள் பல மணி நேரம் எடுத்தன. 2003 முதல் டிவ்எக்ஸ் கோப்புகளை நேரடியாக ஓட்டும் வட்டு இயக்கிகள் விற்பனைக்கு வந்தன. 2000-களின் பிற்பகுதியில் சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் யூஎஸ்பி துளையுள்ள மலிவு விலை டிவிடி இயக்கிகள் தாராளமாகக் கிடைத்தன. பென் டிரைவைச் செருகினால் போதும், வட்டே தேவையில்லை. பின்னர் தட்டைத் திரைத் தொலைக்காட்சிகளிலேயே யூஎஸ்பி துளை இடம்பெற்றது. ஆர்வலர்களும் தனி வழியில் இதே இலக்கை அடைந்தனர். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவியை வீட்டுத் திரைக்கான காணொளி இயக்கியாக மாற்ற எழுதப்பட்ட ஒரு திறந்த மூல மென்பொருள் இன்று கோடி என்ற பெயரில் உலகெங்கும் பயன்படுகிறது.

தமிழ்நாட்டில் திரையும் கணினியும்

தமிழ்நாட்டில் இத்தேவை பரவியதற்கு இரண்டு அரசுத் திட்டங்களும் பின்னணியாக அமைந்தன. 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் 14 அங்குலப் பெட்டிகள் வழங்கப்பட்டன. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அவற்றைப் பெற்றன. 2011 செப்டம்பர் 15 அன்று மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. இரண்டும் வெவ்வேறு ஆட்சிகளில், அண்ணாவின் பிறந்தநாளிலேயே தொடங்கப்பட்டவை. இவ்விலவசத் திட்டங்களை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்தது. அவை சட்டவிரோதமல்ல என்று கூறிய நீதிமன்றம், தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது.

இதனால் பல எளிய வீடுகளில் முதலில் திரையும், ஐந்து ஆண்டுகள் கழித்துக் கோப்பைச் சேமிக்கும் கருவியும் வந்து சேர்ந்தன. இரண்டையும் இணைக்கும் வேலையை மலிவு விலை டிவிடி இயக்கியும் பென் டிரைவும் செய்தன. பழைய குழாய்த் தொலைக்காட்சிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை நிறங்களில் மூன்று முனை கொண்ட ஏவி கம்பி பயன்பட்டது. மஞ்சள் முனை படத்துக்கு. மற்ற இரண்டும் ஒலிக்கு.

அக்கால மின்வெட்டும் இங்கே நினைவுகூரத்தக்கது. 2012-ல் சென்னை மாநகரில் நாளொன்றுக்கு 2 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. மாநகருக்கு வெளியே மற்ற மாவட்டங்களில் அது பல மணி நேரம் நீடித்தது. மின்சாரம் இல்லாதபோது ஒளிபரப்பான நிகழ்ச்சி கைவிட்டுப் போனதுதான். சேமித்து வைத்த கோப்போ மின்சாரம் திரும்பும்வரை காத்திருக்கும்.

கூடுவாஞ்சேரி: ஒரு புறநகரின் எடுத்துக்காட்டு

கூடுவாஞ்சேரி, தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையில் அமைந்துள்ளது. சென்னைக் கடற்கரை–செங்கல்பட்டு மின்தொடர் வண்டித் தடத்தில், ஊரப்பாக்கத்துக்கும் பொத்தேரிக்கும் நடுவே இதன் நிலையம் உள்ளது. 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் மாவட்டத்திலும், அதன்பின் செங்கல்பட்டு மாவட்டத்திலும் அடங்கிய இவ்வூர் இன்று நந்திவரம்–கூடுவாஞ்சேரி நகராட்சியின் பகுதியாகும்.

இங்கிருந்து தாம்பரம், கிண்டி, எழும்பூர் எனச் சென்னைக்குள்ளும், மறைமலை நகர், மகிந்திரா சிட்டி எனத் தெற்கேயும் வேலைக்குச் செல்வோர் பலர். பொத்தேரி, காட்டாங்குளத்தூர்ப் பகுதியில் பெரிய கல்வி நிறுவனங்களும் உள்ளன. இத்தகைய வண்டிப் பயண ஊர்களில் பதிவிறக்கத்துக்குத் தனிப் பொருத்தம் உண்டு. மாலை ஏழு மணிக்கு ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியைத் தாம்பரத்தில் வண்டி மாறிக்கொண்டிருப்பவர் பார்க்க இயலாது. வேகமான இணைப்பு பலருக்கு வீட்டில் அல்லாமல் கல்லூரியிலோ பணியிடத்திலோதான் முதலில் கிடைத்தது. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய ரெயில்டெல்–கூகுள் இலவச வைஃபை திட்டம், பின்னர் சென்னை சென்ட்ரல் உள்ளிட்ட பல நிலையங்களுக்கு விரிந்தது. இணைப்பு உள்ள இடத்தில் இறக்கிக்கொள்வதும், வீடு திரும்பியபின் திரையில் காண்பதும் இச்சூழலில் இயல்பாக அமைந்த பழக்கங்கள். இணைப்பு ஓரிடத்திலும் திரை வேறோரிடத்திலும் இருந்தபோது, இடையிலான தூரத்தைச் சட்டைப்பையில் இருந்த பென் டிரைவ் கடந்தது.

மலிவான தரவும் ‘பதிவிறக்கம்’ என்ற சொல்லும்

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியபின் கைபேசித் தரவின் விலை பெரிதும் குறைந்தது. ஒரு நாளைக்கு 1 அல்லது 1.5 ஜிபி என்ற அளவில் திட்டங்கள் வழக்கமாயின. அன்றைய பங்கில் மிஞ்சியது நள்ளிரவில் காலாவதியாகும் என்பதால், மிச்சத்தைக் கொண்டு அடுத்த நாளுக்கான காணொளியை இறக்கி வைப்பது பயன்தரும் வழியாயிற்று.

தொலைக்காட்சித் திரைக்கான தேவை அப்போதும் மறையவில்லை. ஒரே வடிவத் திரைகளாகக் கொண்டால் 43 அங்குலத் தொலைக்காட்சியின் பரப்பு 6 அங்குலத் திறன்பேசியைப் போல் ஏறத்தாழ 51 மடங்கு. 2017 ஜூலையில் ஜியோபோன் அறிவிக்கப்பட்டபோது, பழைய குழாய்த் தொலைக்காட்சி உட்பட எதனுடனும் அதை இணைக்கக்கூடிய கம்பி ஒன்றும் சேர்ந்தே அறிவிக்கப்பட்டது. மிகக் குறைந்த விலைக் கைபேசியை வாங்குபவரும் கூடத்துத் திரையை விரும்புவார் என்பதை நிறுவனம் கணக்கில் எடுத்திருந்தது.

இதே காலத்தில் ‘பதிவிறக்கம்’ என்ற சொல்லுக்கு இரண்டாவது பொருள் வந்தது. யூடியூப் 2014 டிசம்பரில் இந்தியாவில் காணொளிகளைச் சேமித்து இணைப்பின்றிப் பார்க்கும் வசதியை அளித்தது. தொடக்கத்தில் சேமித்தது 48 மணி நேரம் மட்டுமே இருக்கும். நெட்ஃபிளிக்ஸ் 2016 நவம்பர் 30 அன்று இத்தகைய வசதியைத் தந்தது. இவற்றில் இறங்கும் கோப்பு மறைகுறியிடப்பட்டது. அந்தச் செயலியில், அந்தக் கருவியில் மட்டுமே திறக்கும். பென் டிரைவில் நகலெடுத்துத் தொலைக்காட்சியில் செருகினால் ஓடாது. ஆகவே இன்று ‘இறக்கிவிட்டேன்’ என்று ஒருவர் சொல்லும்போது இரு வேறு நிலைகள் இருக்கலாம்:

* திறந்த கோப்பு: எந்தக் கருவிக்கும் கொண்டுசெல்லலாம், நீக்கும்வரை இருக்கும்.
* பூட்டிய கோப்பு: ஒரு செயலிக்குள் குறிப்பிட்ட காலத்துக்கு இருக்கும், வேறு திரைக்கு நேரடியாகச் செல்லாது.

பூட்டுக்கு நியாயமான காரணம் உண்டு. படைப்பாளியின் உரிமையையும் வருவாயையும் அது காக்கிறது. ஆனால் வீட்டில் நிலையான இணையம் இல்லாத குடும்பத்துக்கு இவ்வேறுபாடு பெரியது. பூட்டிய சேவைகளைத் தொலைக்காட்சியில் காணப் பெரும்பாலும் திரைக்கு அருகிலேயே இணைய இணைப்பு வேண்டும்.

கோப்பு ஓடாததற்கான காரணங்கள்

ஒரு கோப்பு கணினியில் ஓடித் தொலைக்காட்சியில் ஓடாமல் போவதற்குப் பொதுவான காரணங்கள் ஐந்து.

1. கலன்: ஏவிஐ, எம்பி4, எம்கேவி என்பவை கோப்பின் கலன்கள். பாத்திரம் வேறு, அதில் உள்ள பண்டம் வேறு என்பதுபோல, ஒரே கலனுக்குள் வெவ்வேறு சுருக்கமுறையில் அமைந்த படமும் ஒலியும் இருக்கலாம். எம்கேவி கோப்பில் பல மொழி ஒலிகளையும் துணைத்தலைப்புகளையும் சேர்த்து வைக்கலாம். பழைய இயக்கிகளுக்கு இக்கலன் தெரியாது.

2. படச் சுருக்கமுறை: 2003-ல் வந்த எச்.264 இன்று மிகப் பரவலானது. 2013-ல் வந்த எச்.265 ஏறத்தாழ அதே தரத்தைப் பாதி அளவில் தருகிறது. தொலைக்காட்சியில் இதற்கான சில்லு இல்லையென்றால் ஒலி மட்டும் கேட்கும். திரை கறுப்பாக இருக்கும்.

3. ஒலி வடிவம்: படம் ஓடி ஒலி வராத நிலையும் உண்டு. ஒலிச் சுருக்கமுறைகள் பலவற்றுக்கு உரிமக் கட்டணம் உண்டு. எடுத்துக்காட்டாக, சாம்சங் நிறுவனம் 2018 முதல் தன் தொலைக்காட்சிகளில் டிடிஎஸ் ஒலி வடிவத்துக்கான வசதியை நீக்கியது.

4. கோப்பின் அளவு: பென் டிரைவ்களில் பரவலாக உள்ள ஃபேட்32 அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நொடிக்கு 5 மெகாபிட் வீதம் இரண்டரை மணி நேரப் படம் 5.6 ஜிபி ஆகும். டிரைவில் 32 ஜிபி காலியாக இருந்தாலும் இக்கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் அமைப்பில் இத்தடை இல்லை. ஆனால் பழைய தொலைக்காட்சிகள் சில அதைப் படிக்காது.

5. தமிழ் எழுத்து: துணைத்தலைப்பு பொதுவாகத் தனி உரைக்கோப்பாக வருகிறது. கருவியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் எழுத்துகளுக்குப் பதில் கட்டங்கள் தெரியும். எழுத்துரு இருந்தும் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வசதி இல்லையென்றால், ‘கொ’ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும்.

எச்.264 படமும் ஏஏசி ஒலியும் கொண்ட, 4 ஜிபிக்குக் குறைந்த எம்பி4 கோப்பு, யூஎஸ்பி வழியே காணொளி ஓட்டும் இன்றைய தொலைக்காட்சிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் ஓடும்.

இணைக்கும் வழிகள்

* யூஎஸ்பி: பென் டிரைவ் அல்லது வன்தட்டை நேரடியாகச் செருகுவது. இணையம் தேவையில்லை.
* எச்டிஎம்ஐ கம்பி: மடிக்கணினியின் திரையை அப்படியே தொலைக்காட்சியில் காட்டும். கோப்பைத் திறக்கும் வேலையைக் கணினியே செய்வதால், மேலே கூறிய தடைகளில் பெரும்பாலானவை எழுவதில்லை.
* மிராகாஸ்ட்: 2012-ல் வந்த செந்தரம். கைபேசித் திரையைக் கம்பியின்றித் தொலைக்காட்சிக்கு அனுப்பும். இதற்கும் இணைய இணைப்பு தேவையில்லை.
* டிஎல்என்ஏ: ஒரே வைஃபை வலையில் உள்ள கணினியின் கோப்புகளைத் தொலைக்காட்சியே தேடி எடுக்கும்.
* செருகு கருவிகள்: குரோம்காஸ்ட், ஃபயர் டிவி ஸ்டிக் போன்றவை சாதாரணத் தொலைக்காட்சியைத் திறன் தொலைக்காட்சியாக்கும். இவற்றின் முழுப் பயனுக்கு இணையம் வேண்டும்.

திரைத்துறையின் எதிர்வினை

வீட்டுத் திரைக்கான தேவையைத் தமிழ்த் திரைத்துறை தயக்கத்துடனேயே அணுகியது. 2013-ல் கமல்ஹாசன் தம் ‘விஸ்வரூபம்’ படத்தை டிடிஎச் வழியாக வீடுகளுக்கு நேரடியாக அளிக்க முயன்றார். திரையரங்கு உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தனர், முயற்சி கைவிடப்பட்டது. 2015-ல் இயக்குநர் சேரன் சி2எச் என்ற அமைப்பின் மூலம், ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தை அசல் டிவிடியாக நேரே வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தார். பெருந்தொற்றால் திரையரங்குகள் மூடப்பட்டிருந்த 2020 மே 29 அன்று ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாக இணையத்தில் வெளியானது. அதே ஆண்டு நவம்பரில் ‘சூரரைப் போற்று’ படமும் அவ்வழியே வந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் எதிர்க்கப்பட்டது நடைமுறையாயிற்று.

சட்டநிலை

தொலைக்காட்சியில் கோப்பை ஓட்டும் செயல் குற்றமன்று. கோப்பு எவ்வழியில் வந்தது என்பதே கேள்வி. தாமே எடுத்த திருமணக் காணொளி, உரிமையாளர் இலவசமாக வழங்கிய பாடம், பதிப்புரிமை முடிந்த பழைய படம் ஆகியவற்றுக்குத் தடை இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு, உரிமை மீறலுக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்துடன் மின்னணுப் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. தமிழ்நாட்டில் 2004-ல் திருட்டு வீடியோ தொழில் செய்வோரும் குண்டர் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டனர். 2023-ஆம் ஆண்டு ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டம், திரையரங்கில் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வதற்கும் அப்பிரதியைப் பரப்புவதற்கும் குறைந்தது 3 மாதச் சிறையும் 3 லட்சம் ரூபாய் அபராதமும் வகுத்துள்ளது. சிறை 3 ஆண்டு வரையும், அபராதம் படத்தின் தணிக்கை செய்யப்பட்ட மொத்தத் தயாரிப்புச் செலவில் 5 விழுக்காடு வரையும் உயரலாம்.

கல்வியில் பயன்

இத்தேவை பொழுதுபோக்கைச் சார்ந்தது மட்டுமன்று என்பதைப் பெருந்தொற்றுக் காலம் காட்டியது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி வகுப்புவாரியாகப் பாடங்களை ஒளிபரப்பியது. வீட்டில் ஒரே கைபேசி இருந்து, அதையும் தந்தை வேலைக்கு எடுத்துச் செல்லும் குடும்பங்களுக்குக் கூடத்துத் தொலைக்காட்சியே வகுப்பறையாயிற்று.

ஆனால் ஒளிபரப்பு ஆசிரியரைப் போல் நின்று திரும்பச் சொல்லாது. மின்சாரம் போன நேரத்தில் நடந்த பாடம் அந்த மாணவருக்குக் கிடைக்காது. இக்குறையைக் கோப்புகள் ஓரளவு நீக்கின. பாடநூல்களில் அச்சிடப்பட்ட விரைவுக் குறியீடுகள் வழியே காணொளிப் பாடங்களை அடைய முடிந்தது. 2020 ஜூலையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் தம் இலவச மடிக்கணினியுடன் பள்ளிக்கு வந்து, உயர்தொழில்நுட்ப ஆய்வகத்திலிருந்து காணொளிப் பாடங்களைப் பதிவேற்றிச் செல்ல ஏற்பாடு செய்யப்பட்டது. டெக் காலத்தில் நாடாவை வாடகைக்கு எடுத்துவந்ததுபோல, இணைப்பு உள்ள இடத்திலிருந்து பாடம் வீட்டுக்குச் சுமந்துவரப்பட்டது. ஒருமுறை ஏற்றினால் இணையச் செலவின்றி எத்தனை முறையும் பார்க்கலாம். கணக்கில் புரியாத படியில் நிறுத்தலாம்; பின்னோக்கி ஓட்டலாம்; தொலைக்காட்சியுடன் இணைத்தால் தம்பி தங்கையரும் உடன் அமர்ந்து பார்க்கலாம்.

இதற்குப் பாடம் திறந்த கோப்பாக இருப்பது அவசியம். ஒரு செயலிக்குள் மட்டும் திறக்கும் பாடம், அச்செயலியைத் தாங்கும் கைபேசி உள்ளவருக்கே பயன்படும். எந்தத் தொலைக்காட்சியிலும் ஓடும் எளிய எம்பி4 கோப்பாக வெளியிடப்படும் பாடம், அண்டை வீட்டிலிருந்து ஒரு பென் டிரைவை இரவல் வாங்கக்கூடிய மாணவருக்கும் சென்று சேரும். பொதுப் பணத்தில் உருவாகும் கல்விக் காணொளிகளுக்கு இந்த வடிவமே ஏற்றது.